டிஸ்க் ஒன்று என்று எழுதியவன்

முப்பத்தெட்டு சதவீதம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்தபோதும் முப்பத்தெட்டுதான். மீதி நேரம் இரண்டு மணி பத்து நிமிடம் என்றது, அப்புறம் ஐந்து மணி என்றது, இப்போது மறுபடி இரண்டரை என்கிறது. இந்த மாதிரி மென்பொருள்கள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள், வீட்டில் படுத்துக்கொண்டே 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று போனில் சொல்கிறவரைப் போல அது, என்று நானே ஒரு பதிவில் எழுதியிருக்கிறேன். எழுதியவன் இப்போது அந்தப் பச்சைப் பட்டையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் முதல் மாடி, நாற்பத்திரண்டு கணினிகள், ஒரே ஆள். இன்று ஆயுத பூஜை. நேற்று சாயங்காலமே எல்லா மானிட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சர்வர் அறைக் கதவில் மாவிலை கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு எல்லோரும் போய்விட்டார்கள். 'நாளைக்கு ஒரு மிஷினையும் ஆன் பண்ணக் கூடாது, அதுங்களும் ஒரு நாள் தூங்கட்டும்' என்று போகும்போது மேனேஜர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் பேர் இளம்பரிதி என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு நான் 'சிஸ்டம் தம்பி'. யாருடைய திரையாவது இருண்டால் என் நினைவு வரும், வெளிச்சம் வந்ததும் போய்விடும். நாற்பத்தொரு கணினிகள் நெற்றியில் பொட்டோடு தூங்குகின்றன. பதினாலாம் நம்பரை மட்டும் நான் காலை எட்டு மணிக்கு எழுப்பினேன். அதன் பக்கத்தில், மடித்த கைக்குட்டை மேல், ஒயரில் மாட்டிய ஒரு ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது, தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுடுகிறது. என்னுடையதில்லை. பேராவூரணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தவமணி அக்காவுடையது. அதில் இருந்த அத்தனையையும் அழித்தது அவர் கை, அழிக்கச் சொன்ன வரி என்னுடையது. இன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குள் அதற்குள்ளிருந்து ஒரே ஒரு மனுஷனின் முகத்தை நான் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிட்டார். "சார், நம்ம மைக்செட் அம்பலவாணன் தவறிட்டாருங்க. விடியக்காலம். நாலு மணிக்கு எடுக்குறாங்க, போஸ்டருக்குப் படம் கேட்டு வந்து நிக்குறாங்க." வேறு படமே இல்லையா என்று கேட்டேன். "எங்க சார்! ஊருல ஒரு கல்யாணம் விட மாட்டாரு, ஒரு வீடியோல இருக்க மாட்டாரு. ஆம்ப்ளிஃபயர் பின்னாலயே குந்தியிருப்பாரு. பட்டன் போனு. ஆதார்ல இருக்குற மூஞ்சி அவருக்கே அடையாளம் தெரியாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நம்ம கடையில ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்தாரு, அது ஒண்ணுதான் மனுசன் மாதிரி இருக்கும். அது அந்த டிஸ்குல." அப்புறம் சற்று நிறுத்தி, "கிடைக்குமா சார்?" என்றார். அந்த நிறுத்தத்துக்குள் தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, யாரோ ஒருவர் இன்னார் இயற்கை எய்தினார் என்று வாசித்துக்கொண்டே போனார். "கேக்குதுங்களா? அவரு செட்டையே ஆட்டோவுல கட்டி, அவரு போனதை ஊருக்குச் சொல்லிட்டுப் போறாங்க. சொல்ற பையனுக்கு மூச்சு பத்தலை. அவரு சொன்னா எப்படி இருக்கும்! ஃப்ளெக்ஸ் கடைக்காரரு பூஜை நாள்ல மெஷினைத் தொட மாட்டேன்னாரு, அம்பலவாணனுக்குன்னதும் ஒன்றரை வரைக்கும் இருக்கேன்னுட்டாரு." ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். தலை நரை, புருவம் மட்டும் மை வைத்த மாதிரி கறுப்பு. "சட்டைப் பையில டெஸ்டர் இருக்கும் சார். எடுத்து வைங்க அண்ணே, போட்டோவுல நல்லா இருக்காதுன்னேன். அது இல்லாம என்னைய யாருக்குத் தெரியும்னாரு. சரின்னு அப்படியே எடுத்துட்டேன், அப்புறமா வெட்டிக்கலாம்னு." எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் அக்கா என்று சொன்னேன். கேக்கலை சார், கொஞ்சம் சத்தமா, என்றார். என்னோடு போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இது. நான் மறுபடி சொன்னேன்.

நாற்பத்தொன்று. கண்டெடுத்த படங்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், இன்னும் ஏறுகிறது. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பெயர்ப் பட்டியல் இருந்த இடத்தை டிஸ்க் புதிதாக எழுதிக்கொண்டுவிட்டது, உடம்புகள் மட்டும் அங்கங்கே கிடக்கின்றன, மென்பொருள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண் போடுகிறது, படம் ஒன்று, படம் இரண்டு, படம் பன்னிரண்டாயிரத்து நாற்பது. சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் முகங்கள். பாஸ்போர்ட் படம் அச்சடிக்க ஒரு தாளில் எட்டுப் படம் ஒட்டுவார்கள், அதனால் ஊரே எட்டெட்டாக வருகிறது. எட்டுக் கிழவிகள், ஒரே முந்தானை. பள்ளிக்கூடச் சீருடையில் எட்டுப் பெண்கள், எட்டு பேருக்கும் ஒரே ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது. வெளிநாடு போக நிற்கிற எட்டு இளைஞர்கள், காது தெரிய வேண்டும் என்று தலைமுடியை ஒதுக்கிவிட்டு, யாரோ இரவல் கொடுத்த அதே நீலக் கோட்டு, அடுத்த தாளில் வேறொரு எட்டு பேர் அதே கோட்டில். எல்லோரும் நேராக என்னைப் பார்க்கிறார்கள். சிரிக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருப்பார். இத்தனை பேர் என்னை ஒரே சமயத்தில் பார்த்தது என் வாழ்க்கையில் கிடையாது. இவர்களில் யாருக்காவது தெரியுமா, பதினேழு நாளாகத் தாங்கள் எங்கேயும் இல்லாமல் இருந்தது. யாரால் என்று.

யாரால் என்று அக்காவுக்குத் தெரியாது. அங்கேதான் மனசு ஒவ்வொரு முறையும் போய் இடிக்கிறது. மூன்று வருஷமாக 'கணினி கைவைத்தியம்' என்று ஒரு வலைப்பக்கம் எழுதுகிறேன். பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்ன செய்வது, ராம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவது எப்படி, கடிகாரம் தினமும் பழைய தேதிக்குப் போனால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றுங்கள், எந்த உலாவியில் என்ன ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், எந்தச் செயலி உங்கள் தொடர்பு எண்களைத் தின்கிறது. சாயங்காலம் அறைக்குப் போனால் பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன், இவ்வளவுதான் விஷயம். தினம் பதினாலு பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டும், அதில் பாதிக்கு மேல் மனுஷர்கள் இல்லை, தேடுபொறிகள் அனுப்பும் நிரல்கள், அது எனக்கே தெரியும். எங்கள் தாத்தா கதை சொல்லும்போது யாராவது உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதை நின்றுவிடும், ராஜகுமாரன் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, தொங்கட்டும் என்று துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிடுவார். என் கதைக்கு ஒரே ஒரு ஆள் உம் கொட்டினார். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும், மறுநாள் காலை பத்து மணிக்குள், 'நன்றி சார். செய்து பார்த்தேன். வேலை செய்கிறது. தவமணி, பேராவூரணி.' இருநூற்றுப் பதினோரு பதிவு, இருநூற்றுப் பதினோரு உம். செய்து பார்க்க எதுவுமே இல்லாத செய்திப் பதிவுக்குக்கூட, 'நன்றி சார். தெரிந்துகொண்டேன்' என்று. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் எழுதவில்லை, 'சார் நலமா' என்று கேட்ட ஒரே ஜீவன். அப்போது அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பதிவு. பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சீக்கிரமே நின்றுபோகும் என்ற செய்தியைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே, கவலை வேண்டாம், புதியதை நீங்களே நிறுவிக்கொள்ளப் பென்டிரைவைத் தயார் செய்வது இப்படி என்று எழுதினேன். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறக்கவும். டிஸ்குகளின் பட்டியலை வரவழைக்கவும். டிஸ்க் 1 என்று தட்டித் தேர்ந்தெடுக்கவும். பிறகு க்ளீன் என்று தட்டவும். என் மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்குக்கு எண் பூஜ்யம், பென்டிரைவுக்கு ஒன்று. நான் என் மேஜையைப் பார்த்து எழுதினேன், உலகத்தில் இருக்கிற மேஜையெல்லாம் என் மேஜை மாதிரி என்று. அக்காவின் கடைக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் இயங்குதளம், இன்னொன்றில் ஊர். ஊருக்கு எண் ஒன்று. பென்டிரைவுக்கு இரண்டு. க்ளீன் என்ற கட்டளை ஒரு கேள்வி கேட்காது. வேண்டாத ஒரு சின்னக் கோப்பை அழிக்கப்போனால் நிச்சயமாகவா என்று கேட்கிற கணினி, மொத்தத்தையும் துடைக்கும்போது வாயே திறக்காது, முடிந்தது என்று ஒரு வரி காட்டும். அதற்கப்புறம் நான் எழுதிய மற்ற வரிகளையும் அக்கா ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார், புதிதாகப் பிரித்து, வடிவமைத்து, நிறுவல் கோப்புகளை அதன் மேலேயே ஏற்றி. நம்பிச் செய்கிறவர்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள். மறுநாள் பத்து மணிக்குள் அவர் கருத்து வந்தது. 'சார், நீங்கள் சொன்னபடி செய்தேன். டி டிரைவைக் காணவில்லை. என்ன செய்ய வேண்டும். தவமணி, பேராவூரணி.' ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை.

நான் அலுவலகப் படிக்கட்டில் நின்று படித்தேன். நான் முதலில் செய்தது அவருக்குப் பதில் எழுதியது இல்லை. பதிவைத் திறந்தேன். 'டிஸ்க் 1' என்பதை எடுத்துவிட்டு, 'உங்கள் பென்டிரைவுக்கு உரிய எண்ணை அதன் கொள்ளளவை வைத்து உறுதி செய்துகொண்டு' என்று மாற்றினேன். அதற்கு மேலே சிவப்பில் ஒரு எச்சரிக்கை போட்டேன். சேமித்தேன். எப்போது மாற்றியது என்று என் பக்கம் யாருக்கும் காட்டாது, அதை முதல் வருஷமே நான்தான் அணைத்து வைத்தேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று. அப்புறம்தான் பதில். 'சகோதரி, பதிவை மீண்டும் ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு.' அந்தச் சகோதரியை எங்கிருந்து எடுத்தேன்? அதுவரை அப்படி எழுதியதில்லை. தப்புச் செய்கிற கைக்கு மரியாதை எங்கிருந்தோ வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அவர், 'சரி சார். என் கவனக்குறைவு. மன்னிக்கவும்' என்று எழுதினார். மன்னிக்கவும். அன்றிலிருந்து அந்த வார்த்தை சட்டைக்குள் புகுந்த வைக்கோல் துணுக்கு மாதிரி, இங்கே எடுத்தால் அங்கே குத்துகிறது. போன் எண்ணை அனுப்புங்கள் கூப்பிடுகிறேன் என்றேன், கூப்பிட்டேன், அந்த டிஸ்கைத் தொடாதீர்கள், கழற்றி எனக்குக் கூரியர் செய்யுங்கள், நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். "நீங்க இவ்ளோ சின்னப் பிள்ளையா சார்? எழுத்துல அம்பது வயசு ஆளு கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்த மாதிரில இருக்கும்" என்று சிரித்தார். அத்தனையும் போன அன்றைக்குச் சிரித்தார். சார் என்பதை மட்டும் விடவில்லை.

நாற்பத்தேழு. பேனா. டெஸ்டர் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பேனா. ஒரு சொட்டு வேர்வை மூக்கு நுனியில் நின்று விழுகிறது, ஏசியைப் போட மனம் வரவில்லை, ஒரு ஆளுக்காக. படியேறி வரும் சத்தம். செக்யூரிட்டி கருப்பண்ணன், கையில் தாளில் மடித்த பொரிகடலை. "ஏனுங் தம்பி, இன்னைக்குமா? ஆயுதத்தைத் தொடக் கூடாதுங், சாமி குத்தமாயிரும்." அவசரம் அண்ணா என்றேன். பொரியை மேஜையில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். "இத்தனை பேரு ஆருங்? காணாமப் போனவங்களா?" நான் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், தன் ஆள் யாராவது இருப்பார்களோ என்பது போல. "எல்லாம் எட்டெட்டா காணாமப் போயிருக்குதுங்" என்று சொல்லிவிட்டு, சிரித்தாரா என்று தெரியவில்லை, இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் கீழே கீழே போய் நின்றது. மறுபடியும் டிஸ்கின் டிக் டிக் மட்டும். இந்தச் சத்தம் கெட்டது. டிஸ்க் இப்படிச் சத்தம் போட்டால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன், எத்தனையாவது பதிவு, எண்பதா, அதற்கும் அக்கா நன்றி சார் தெரிந்துகொண்டேன் என்றார். தெரிந்துகொண்டால் போதுமா அக்கா, எடுத்து வைக்க வேண்டாமா. இதோ, இதோ இந்த இடத்தில்தான் நான் என்னைப் பிடிக்கிறேன். குற்றத்தில் ஒரு சின்னக் கீற்றையாவது அவர் பக்கம் தள்ளிவிட மனசு எப்போதும் இடம் தேடிக்கொண்டே இருக்கிறது.

பொரியை மடித்திருந்த தாளைப் பார்த்தேன், பழைய செய்தித்தாள். அதனால்தானோ என்னவோ டிஸ்க் வந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அல்வாப் பெட்டி. மேஜைக்குக் கீழே கிடக்கிறது. ஆடாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கிய வெள்ளைத் தாள்கள் திணித்திருந்தார், காலையில் ஒதுக்கித் தள்ளிவிட்டு டிஸ்கை மட்டும் எடுத்தேன். இப்போது குனிந்து ஒன்றை எடுத்து நீவினேன். 'பிரிண்டரில் சிக்கிய வேலைகளை ஒரே நிமிடத்தில் நீக்குவது எப்படி.' என் தலைப்பு. என் பதிவு. தாளில். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் நீல மையில் ஒரு டிக், கடைசியில் 'சரி' என்று ஒரு கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து. இன்னொன்றை எடுத்தேன், பென்சில் ரப்பர் பதிவு. இன்னொன்று, இரண்டு பிரதி இருந்திருக்கும் போல, ஒன்றைத் திணிக்க எடுத்திருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரர் வேறெப்படிப் படிப்பார். கணினியைப் பிரித்துப் போட்டிருக்கும்போது திரையில் எப்படிப் படிக்க முடியும், தாளை எதிரே வைத்துக்கொண்டுதான் செய்ய முடியும். முதல் தடவை போனில் பேசியபோதே சொன்னாரே. "தாளு எதிர்லயே இருந்துச்சு சார், ஒவ்வொரு எழுத்தாப் பார்த்துத்தான் தட்டினேன்." நான் அந்தத் தாளை ஏதோ ஒரு தாள் என்று விட்டுவிட்டேன், குறிப்பெடுத்த தாள் என்று. ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் உலாவி தானாகவே பொடி எழுத்தில் தேதியும் நேரமும் போட்டிருக்கிறது. அப்படியானால் இருநூற்றுப் பன்னிரண்டும் தாளாக இருக்கிறது. அங்கே. கடையில். டிஸ்க் 1 என்று, தேதியோடு. இணையத்தில் இருப்பதை நான் மாற்றலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், பேராவூரணியில் ஒரு கோப்பில் துளை போட்டுக் கோத்து வைத்த தாளை நான் எந்தப் பொத்தானை அழுத்தி மாற்றுவேன்? அவர் திருப்பிப் படித்தாரா? மீண்டும் படியுங்கள் என்று நான்தானே சொன்னேன், எதைப் படித்திருப்பார், திரையையா தாளையா? தாளைத்தான் படிப்பார். அவர் தாளைத்தான் படிப்பார். அப்படியானால் 'என் கவனக்குறைவு மன்னிக்கவும்' என்று எழுதினாரே, அது எதற்கு? அந்த ஒரு மணி நேரம் அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? இல்லை, பார்த்திருக்க மாட்டார், கூட்டம் இருந்திருக்கும், பார்த்திருந்தால் இந்நேரம் கேட்டிருப்பார். பார்த்திருக்க மாட்டார். தாள்களை மறுபடி கசக்கிப் பெட்டிக்குள் போட்டேன், பிறகு எடுத்து ஒவ்வொன்றாக நீவி அடுக்கினேன்.

அறுபத்திரண்டு. மணி பன்னிரண்டரை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன், நரைத்த தலை, பையில் மஞ்சள் கைப்பிடி டெஸ்டர். செல்போனில் படம் பிடித்து அனுப்பினேன், அடுத்த நொடி அழைப்பு. "ஐயோ சார், இது கரண்டு ஆபீஸ் லைன்மேன் கோவிந்தராசு! இப்பதான் கடை வாசல்ல நின்னு டீ குடிச்சிட்டுப் போறாரு. நல்லவேளை போஸ்டர் அடிக்கலை, வந்து கம்பத்துல ஏறி உக்காந்துருப்பாரு." பக்கத்தில் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம், சாவு வீட்டு ஆட்களும் சிரித்திருப்பார்கள், நானும் சிரித்தேன், என் சிரிப்பு இந்த மாடியில் விசித்திரமாகக் கேட்டது. மற்ற முகங்களைக் காட்டினால் நான் எல்லாருக்கும் பேர் சொல்லிடுவேன் சார், ஒருத்தர் விடாம, என்றார். சொல்வார். மறுபடி முகங்கள். எட்டு, எட்டு, எட்டு. கண்ணில் நீர் கட்டுகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நடுவில் மூன்று கண்ணீர் அஞ்சலி. அறுபத்தெட்டு. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தேன். எட்டாக இல்லை, ஒன்றே ஒன்று. வெட்டாமல் விட்ட படம். பின்னால் நீலத் துணி மடிப்போடு தொங்குகிறது, ஸ்டூலின் விளிம்புகூடத் தெரிகிறது. நரைத்த தலை. மை வைத்தது போன்ற புருவம். பையில் டெஸ்டர், சிவப்புக் கைப்பிடி, அதன் நுனியில் பல்லால் கடித்த தடம். எல்லோரும் என்னைப் பார்த்தார்களே, இவர் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் கவனிக்கிறார், எங்கோ ஒரு ஸ்பீக்கர் கரகரப்பதைக் கேட்கிறவர் மாதிரி. அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. அழைப்பு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"இவருதான் சார்" என்றார் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பின்னால் யாரோ ஒரு பெண் 'அப்பா' என்று சொல்வது கேட்டது, கத்தவில்லை, கூப்பிடுவது போலச் சொன்னாள். பிறகு அக்கா கடைக்குள் நகர்ந்திருக்க வேண்டும், சத்தங்கள் பின்வாங்கின. "பெரிய உதவி சார். என் தப்பால உங்க லீவு நாளும் கெட்டுச்சு." நான் பரவாயில்லை அக்கா என்று சொல்ல வேண்டிய இடம். வாய்வரை வந்துவிட்டது. பரவாயில்லை என்று சொன்னால் முடிந்தது, நாளைக்குப் பத்து மணிக்குள் நன்றி சார் வரும், இருநூற்றுப் பதிமூன்று, பதினாலு, உம் உம் என்று போய்க்கொண்டே இருக்கும். உண்மையைச் சொன்னால் நின்றுவிடும். இந்த மாடியில் நாற்பத்தொரு பொட்டு வைத்த முகங்கள் தூங்குகின்றன, எனக்கு இருப்பது இந்த ஒரு குரல். என் தப்பால என்கிறாரே, இதை எத்தனை தடவை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறாரே, அந்தக் கணத்தை ஏன் வைக்கிறார்?

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"அந்தப் பதிவுல டிஸ்க் ஒண்ணுன்னு போட்டிருந்தது நான்தான்."

"ம்."

"என் லேப்டாப்புல பென்டிரைவ் ஒண்ணுன்னுதான் காட்டும். எல்லாருக்கும் அப்படித்தான்னு எழுதிட்டேன்."

"ம்."

"நீங்க கமெண்ட் போட்டப்புறம் அதை மாத்திட்டேன். மாத்திட்டுத்தான் உங்களைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நீங்க தப்பாத் தட்டலை."

ம் வரவில்லை. காத்திருந்தேன். தொங்குகிறேன், கிணற்றுக்குள். போனை எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, இணைப்பு இருந்தது. தூரத்தில் ஆட்டோ மறுபடி அந்தத் தெருவைக் கடந்துபோனது, மூச்சுப் பத்தாத பையன் அம்பலவாணனின் வயதைச் சொன்னான்.

"கேக்கலை சார்" என்றார் அக்கா. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் இதுவரை பேசாத சத்தத்தில், "டிஸ்க் ஒண்ணுன்னு எழுதினது நான்! மாத்திட்டு உங்க மேல பழியைப் போட்டேன்! உங்க தப்பு இல்லைக்கா!" என்றேன். அது போய்ச் சர்வர் அறைக் கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தது. கீழே கருப்பண்ணனின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சு தம்பி. மொத தடவையே கேட்டுச்சு."

தம்பி.

"தாளு இங்கதான் இருக்கு. தேதி போட்டு. அன்னைக்கு ராத்திரியே ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன். ஒரு மனசு சொல்லுச்சு, நமக்குத்தான் கண்ணு சரியில்லையோன்னு. பக்கத்து மருந்துக்கடைப் புள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒண்ணுன்னுதான் வாசிச்சுச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன், பதினேழு நாளா." ஏதோ பொத்தானைத் தட்டும் சத்தம், வேலையை ஆரம்பித்துவிட்டார். "தாள்ல பேனாவால திருத்தி வச்சிருக்கேன், இங்க வேற எவனாச்சும் எடுத்துப் பார்த்துச் செஞ்சுறக் கூடாதுன்னு. இனிமே நீங்க போடுற அன்னைக்கே எதையும் செய்ய மாட்டேன் தம்பி. ரெண்டு நாளு விட்டுத்தான் செய்வேன்." சிரிக்கிறாரா என்று கேட்கக் காதை அழுத்திக்கொண்டேன். தெரியவில்லை. "போஸ்டர் நிக்குது. வச்சிடுறேன்."

வைத்துவிட்டார். உட்கார்ந்தேன். "ஆருகிட்டங் தம்பி சண்டை?" என்று கீழேயிருந்து கருப்பண்ணன் கேட்டார், யாருமில்லை அண்ணா என்று சொன்னேன், அவருக்குக் கேட்டிருக்காது. இருநூற்றுப் பன்னிரண்டாவது பதிவைத் திறந்தேன். சிவப்பு எச்சரிக்கைக்கும் மேலே, முதல் வரியாக, இந்தப் பதிவில் முதலில் டிஸ்க் 1 என்று தவறாக எழுதியிருந்தேன், அதைப் பார்த்துச் செய்த ஒருவருடைய டிஸ்க் அழிந்தது, அவர் சரியாகத்தான் செய்தார், பிறகு யாருக்கும் சொல்லாமல் மாற்றினேன், என்று எழுதினேன். தேதி போட்டேன். மாற்றிய நேரம் தெரியும்படி அமைப்பில் அணைத்து வைத்திருந்ததைப் போட்டுவிட்டேன். கணக்கில் இன்றைக்குப் பார்த்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். பொரியைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டேன், நமுத்திருந்தது.

ஒன்றேகாலுக்கு ஒரு படம் வந்தது. கடை வாசலில் விரித்துப் பிடித்த ஃப்ளெக்ஸ், இரண்டு பக்கமும் இரண்டு கைகள். கண்ணீர் அஞ்சலி. அம்பலவாணன் பக்கவாட்டில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையை வெட்டிவிடவில்லை, சிவப்பு டெஸ்டரும் இருக்கிறது. படத்துக்குக் கீழே எதுவும் எழுதியிருக்கிறாரா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நன்றி சார் இல்லை. தவமணி, பேராவூரணி இல்லை. படம் மட்டும். திரையில் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. முகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பெயர் இல்லாமல், எட்டெட்டாக, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொருவருக்கும் பேர் கேட்க நான் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும். இன்றில்லை. இரண்டு நாள் விட்டு.